பால் கட்டா, வேறு கட்டியா? பிள்ளை பெற்ற பிறகான மார்பக மாற்றமும் புற்றுநோய்ப் பரவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். பிரசவ வார்டில் 26 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வராண்டாவில் காத்திருக்கும் பெண்களோடு போய்ப் பேசுவது பழக்கமாகிவிட்டது. அங்கே கேட்ட கேள்விகள்தாம் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

பால் குடுக்கிறவளுக்கு மார்ல கட்டி இருந்தா அது பால் கட்டுதானே சிஸ்டர்?

பெரும்பாலும் அப்படித்தான். பால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும், பால் தேங்கி நீர்க்கட்டி போல நிற்கும், சீழ் பிடிக்கும், ஃபைப்ரோஅடினோமா என்கிற தொந்தரவில்லாத கட்டி பால் காலத்தில் கொஞ்சம் பெரிதாகும். நம்மூரில் காசநோய்கூட மார்பில் கட்டியாக வருவதுண்டு. இத்தனைக்கும் நடுவில் புற்றுநோய் அபூர்வம். அந்த அபூர்வம்தான் எல்லாரையும் ஏமாற்றிவிடுகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண். இரண்டாவது பிள்ளைக்கு அப்போது 14 மாதம். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ நெருடுகிறது என்று என்னிடம்தான் முதலில் காட்டினாள். வெந்நீர் ஒத்தடம் கொடு, அந்தப் பக்கம் நன்றாகக் குடிக்க விடு என்று சொல்லி அனுப்பினேன். (இப்போது ஐஸ் ஒத்தடமே மேல் என்கிறார்கள், அது இருக்கட்டும்.) 'இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் திரும்பி வா' என்று சொல்லாமல் விட்டேன். அவள் போன கிளினிக்கிலும் பால் கட்டு என்றே இரண்டு தடவை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். வலி இல்லாததால் அவளும் விட்டுவிட்டாள். ஐந்து மாதம் கழித்து அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் ஸ்கேன்.

அதனால் இப்போது எல்லாரிடமும் சொல்வது: ஒத்தடம், பால் கொடுப்பது, மருந்து எல்லாம் பார்த்தும் இரண்டு வாரத்தில் கரையாத கட்டிக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். பால் கட்டு வலிக்கும்; புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

பால் நிறுத்தினதும் மார்பு வத்திப் போகுதே, உள்ள இன்னா ஆகுது?

கல்யாணப் பந்தல் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்தல் போடுவதற்கு ஒரு மாதம் பேச்சு, ஒரு வாரம் வேலை. தாலி கட்டி முடிந்ததும் அன்று ராத்திரியே பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். கயிறு அவிழ்ப்பார்கள், கழி உருவுவார்கள், துணி சுருட்டுவார்கள். தெரு முழுக்க சத்தம், குப்பை, வண்டி. யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

மார்பகத்துக்கும் அப்படி ஒரு பந்தல் உண்டு. கர்ப்ப காலத்தில் பால் சுரக்கும் பைகள் திராட்சைக் கொத்து மாதிரி பெருகுகின்றன. கொழுப்பு ஒதுங்கி இடம் கொடுக்கிறது. பிள்ளை குடிப்பதை நிறுத்தியதும் அந்தப் பைகளுக்கு வேலை இல்லை. பால் தேங்குகிறது, தேக்கமே 'போதும், கலை' என்று சொல்லும் சேதி. சுரக்கும் செல்கள் தாமே சாகின்றன. எலியில் பார்த்திருக்கிறார்கள்: முதல் இரண்டு நாளுக்குள் குட்டிகளைத் திரும்பக் குடிக்க விட்டால் பால் மறுபடி ஊறும். அதைத் தாண்டினால் திரும்ப முடியாது. சில நாளில் பால் செல்களில் பெரும்பகுதி போய்விடும். மனுஷிக்கு நிதானமாக நடக்கிறது. பால் கொத்துகள் பழைய அளவுக்கு வர பிரசவத்திலிருந்து சுமார் 18 மாதம் ஆகும் எனத் திசுவை எடுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

டாக்டர்கள் இதை இன்வொல்யூஷன் என்பார்கள். நான் பால் வற்றும் காலம் என்றே சொல்கிறேன். இது நோய் இல்லை. பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் நடக்கிறது.

அதுக்கும் கேன்சர் பரவுறதுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செத்த செல்களை அள்ளிக்கொண்டு போக உடம்பு ஆட்களை அனுப்புகிறது. கையில் கத்தி வெட்டினால் காயம் ஆற யார் யார் வருவார்களோ, ஏறக்குறைய அதே கூட்டம் மார்புக்கு வருகிறது. மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் குப்பை தின்ன வருகின்றன. பழைய கட்டுமானத்தை அறுக்கும் நொதிகள் வருகின்றன. அழற்சியைக் கிளப்பும் காக்ஸ்-2 என்ற நொதி ஏறுகிறது. கொலாஜன் என்ற நார்ப்பொருள் புதிதாகப் போடப்படுகிறது. சும்மா இருக்கும் மார்பில் இவை இவ்வளவு இருப்பதில்லை.

அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புற்றுக்கட்டி அங்கே ஏற்கெனவே இருந்தால்? காயம் ஆற்ற வந்த கூட்டம் அதற்கும் வேலை செய்துவிடுகிறது. நீளமாக ஓடும் கொலாஜன் நார்களைப் பிடித்துக்கொண்டு புற்று செல்கள் நகர்கின்றன. நொதிகள் சுவரை அறுத்து வழி விடுகின்றன. வந்திருக்கும் வெள்ளணுக்களில் ஒரு பகுதி சண்டை போடும் ரகம் இல்லை, சமாதானப்படுத்தும் ரகம். 'எல்லாம் நம்ம ஆள்தான், விடு' என்று எதிர்ப்புச் சக்தியை அடக்குகின்றன. பந்தல் பிரிக்கும் கூட்டத்தில் கலந்து பித்தளை அண்டாவைத் தூக்கிப் போகிறவனை யார் கேட்பது?

அடுத்தது வடிகால். கொசஸ்தலை, பக்கிங்காம் கால்வாய் என்று வடிகால் கதை தெரியாதவர்கள் வடசென்னையில் கிடையாது. உடம்பின் வடிகால் நிணநீர்க் குழாய்கள். மார்பில் கழிவு சேரும்போது அதை வாரிக்கொண்டு போக இந்தக் குழாய்கள் பெருகுகின்றன. அவை போய்ச் சேரும் இடம் அக்குள் நெறிகள். புற்று செல்லும் அதே வடிகாலில் இறங்கி முதலில் அக்குளுக்குப் போகிறது. காசிமேட்டுப் பெண்ணுக்கு அக்குளில் கட்டியது நினைவிருக்கும்.

ஈரலிலும் ஒரு சங்கதி உண்டு. பால் கொடுக்கும் காலத்தில் எலிகளின் ஈரல் பெரிதாகிறது, அவ்வளவு பால் உண்டாக்க வேண்டுமே. பால் நிறுத்தியதும் அதுவும் சுருங்குகிறது. சுருங்கும்போது மார்பில் நடந்த அதே மாதிரி மாற்றம் அங்கேயும். அந்தச் சமயத்தில் ஈரலுக்குப் போகும் புற்று செல் எளிதாக வேர் பிடிப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரசவத்துக்குப் பின் சில வருஷத்துக்குள் மார்பகப் புற்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்களுக்கு ஈரலில் பரவுவது கூடுதல் என்பதையும் அதே குழுவினர் கவனித்திருக்கிறார்கள்.

எலியில பாத்தத வெச்சி எங்கள பயமுறுத்தலாமா?

நல்ல கேள்வி. கேட்டவர் வியாசர்பாடி கல்லூரி மாணவி. அக்காவுக்குத் துணையாக வந்திருந்தாள்.

இந்தக் கருத்தை முன்வைத்து வளர்த்தவர்கள் அமெரிக்காவின் பெப்பர் ஷெடினும் வர்ஜீனியா போர்ஜஸும். 2011இல் அவர்கள் குழு, பால் வற்றும் கட்டத்தில் இருந்த எலிகளின் மார்பில் மனிதப் புற்று செல்களை வைத்துப் பார்த்தது. கட்டி பெரிதாகவும் பரவும் குணத்தோடும் வளர்ந்தது. காக்ஸ்-2வை அடக்கியபோது வேகம் குறைந்தது. இவ்வளவும் எலிதான்.

ஆனால் பெண்களின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளும் அதே பக்கம் கை காட்டுகின்றன. இளம் வயது நோயாளிகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி 5 வருஷத்துக்குள் நோய் தெரிந்தவர்களுக்கு வேறு உறுப்புக்குப் பரவும் வாய்ப்பு, பிள்ளை பெறாத நோயாளிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்தக் கூடுதல் ஆபத்து 10 வருஷம் வரைக்கும் நீள்வதையும், ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தவர்களிடமும் அது இருப்பதையும் காட்டியது. எனக்கு ரொம்ப உறைத்தது வேறொன்று. கர்ப்பமாக இருக்கும்போதே நோய் தெரிந்து முறையாக வைத்தியம் பார்த்தவர்கள், மற்ற நோயாளிகளுக்கு நிகராகவே பிழைக்கிறார்கள். கர்ப்பம்தான் காரணம் என்றால் அவர்களுக்கல்லவா மோசமாக இருக்க வேண்டும்? அதற்குப் பிறகு வரும் வற்றும் காலத்தின் மேல் சந்தேகம் விழுவது அதனால்தான்.

புள்ள பெத்தா மார்ல கேன்சர் வராதுன்னு எங்க ஆயா சொல்லுமே?

ஆயா சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. கன்னியாஸ்திரிகளிடம் மார்பகப் புற்று அதிகம் காணப்படுவதை ராமாட்சினி என்ற இத்தாலிய மருத்துவர் 1713இலேயே எழுதினார். பிள்ளைப்பேறு நீண்ட காலத்தில் காக்கிறது. ஆனால் உடனடியாக இல்லை.

2019இல் 15 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 9 லட்சம் பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் ஆபத்து கொஞ்சம் ஏறுகிறது. சுமார் 5 வருஷத்தில் உச்சத்துக்குப் போகிறது, அப்போது பிள்ளை பெறாதவர்களைவிட 1.8 மடங்கு. பிறகு மெல்ல இறங்கி, ஏறக்குறைய 24 வருஷம் கழித்துத்தான் பாதுகாப்புப் பக்கம் சாய்கிறது. முதல் பிள்ளையை வயது கடந்து பெற்றவர்களுக்கு இந்த ஏற்றம் கூடுதல்.

1.8 மடங்கு என்றதும் தலையில் கை வைக்க வேண்டாம். சின்ன எண்ணின் 1.8 மடங்கும் சின்ன எண்தான். 41 முதல் 45 வயதுப் பெண்களில், கடந்த 3 முதல் 7 வருஷத்துக்குள் பிள்ளை பெற்றவர்களிடம் லட்சத்துக்கு 41 பேருக்குத்தான் கூடுதலாக வந்தது. பிள்ளை பெறுவதை யோசித்து நிறுத்துகிற அளவுக்கான கணக்கு இல்லை இது.

அப்போ பாலே குடுக்காம இருந்தா அந்த வத்துற வேலையே நடக்காதே?

நடக்கும். பால் கொடுக்காதவளுக்கும் கர்ப்பத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. கொடுக்காவிட்டால் பிரசவமான சில நாளிலேயே பிரிப்பு ஆரம்பம், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு தப்பான கணக்கைப் போட்டு யாரும் பாலை நிறுத்திவிடக் கூடாதே என்பதுதான் என் பெரிய பயம்.

30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாக்கி 2002இல் வந்த அறிக்கை, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்று ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததைக் கூட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்குக் கிடைப்பது தனி. தாராளமாகக் கொடுங்கள்.

பால மறக்கடிக்க வேப்பிலை தடவுறோம், மல்லிப்பூ கட்டுறோம். அதால ஏதாவது ஆகுமா?

வேப்பிலை அரைத்துத் தடவுவது பிள்ளைக்குக் கசக்கட்டும் என்று. மார்பை ஒன்றும் செய்யாது. மல்லிப்பூ வைத்தியத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. 1988இல் அதை, பாலை வற்றவைக்கும் புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் பூ கட்டியவர்களுக்கும் குறைந்தது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் குறைந்தது.

ஒரே நாளில் சட்டென்று நிறுத்துவதைத்தான் நான் தடுப்பேன். பால் கட்டி, காய்ச்சல் வந்து, சீழ் பிடித்து அவதிப்படுவீர்கள். திடீரென்று நிறுத்தப்பட்ட எலிகளின் மார்பில், மெதுவாக நிறுத்தியவற்றைவிட அழற்சியும் கொலாஜனும் அதிகம் இருந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. அது எலிக் கணக்கு. ஆனாலும் ஒரு வேளை, ஒரு வேளையாகக் குறைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லையே.

வலி மாத்திரை போட்டா பரவாதாமே? போன்ல பாத்தேன்.

இப்யூபுரோஃபென் காக்ஸ்-2வை அடக்கும், அதனால் வந்த பேச்சு. எலிகளில் பலன் தெரிந்தது உண்மை. பெண்களுக்கு அது புற்றுநோயைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. தையல் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள், பால் கொடுக்கும்போதும் போடலாம். கேன்சருக்குப் பயந்து மாதக்கணக்கில் தினம் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான் மிச்சம்.

கட்டியத் தவிர வேற என்ன பாக்கணும்?

ஒரு பக்க மார்புத் தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி குழி குழியாவது. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பில் ரத்தம் கசிவது (பிளந்த காம்பில் வரும் ரத்தம் வேறு, அது ஆறிவிடும்). அக்குளில் நெறி. சிவந்து வீங்கியது ஆன்டிபயாடிக் முடித்தும் அப்படியே இருப்பது. இதை மட்டும் இரண்டு மடங்கு கவனியுங்கள், மார்பக அழற்சி போலவே வேஷம் போடும் ஒரு புற்று வகை இருக்கிறது.

எப்போது பார்ப்பது? பிள்ளையின் தடுப்பூசி அட்டையையே நினைவுச் சீட்டாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். 9 மாத ஊசி, ஒன்றரை வயது பூஸ்டர், 5 வயது ஊசி. பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் அங்கேயே நர்ஸிடம் உங்கள் மார்பையும் காட்டிவிடுங்கள். மேலே சொன்ன 5 வருஷ உச்சமும் 5 வயது ஊசியும் பொருந்தி வருவது தற்செயல்தான், ஆனால் வசதியான தற்செயல்.

பால் இருக்கும்போதே ஸ்கேன், ஊசி டெஸ்ட் எல்லாம் எடுக்கலாமா?

எடுக்கலாம். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்; அதில் கதிர்வீச்சே இல்லை. மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுக்கலாம், பால் கெடாது. எடுக்கும் முன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு இளகி படம் தெளிவாக வரும், வலியும் குறையும். சந்தேகம் இருந்தால் ஊசி வழியாகச் சதை எடுப்பார்கள். பால் சுரக்கும் திசு மைக்ராஸ்கோப்பில் வேறு மாதிரி தெரியும், ஆகவே 'பால் கொடுக்கிறேன்' என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊசி குத்தினால் கட்டி 'கிளம்பி'ப் பரவும் என்ற பேச்சை நம்பி ஓடிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பரவியது ஊசியால் அல்ல, ஓடிப் போன மாதங்களால்.

எங்க பாலைக் குடிச்ச குழந்தைக்கும் வந்துடுமா?

வராது. ஆனால் கீமோ என்ற புற்று மருந்து ஏற்றும்போது பால் கொடுக்கக் கூடாது, மருந்து பாலில் இறங்கும். ஹார்மோன் மாத்திரை போன்ற மற்ற புற்று மருந்துகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நாங்க எங்க போறது? அடையாறு ரொம்ப தூரமாச்சே.

முதல் நாளே அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஸ்டான்லி சர்ஜரி ஓ.பி.யில் காலையிலேயே சீட்டு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய வேலை அன்று முடியாது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர்கள் அந்தச் சீட்டையும் கொண்டு போங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் தொடங்கியது. அங்கே அனுப்ப வேண்டும் என்றால் டாக்டரே அனுப்புவார்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் வைத்து எடுக்கலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவது கொடுமை, கையில் பிள்ளை வேறு.

வைத்தியம் முடிஞ்சா இன்னொரு புள்ள பெத்துக்கலாமா?

டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது, ஆனால் கதவு மூடிவிடவில்லை. ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டிய 516 பெண்கள் இடையில் அதை நிறுத்திப் பிள்ளைக்கு முயன்றார்கள். மூன்று வருஷக் கணக்கில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் முடிவு வந்தது. இன்னும் நீண்ட காலம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பாப்பாரு. அதுக்குள்ள இன்னா சொல்றது?

காசிமேட்டுப் பெண்ணுக்கு கீமோ, ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு வைத்தியம்) எல்லாம் முடிந்து இப்போது மறுபடி கூடை தூக்குகிறாள். இப்போது அவளே புதன்கிழமைகளில் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், என்னைவிட நன்றாக. அவள் சொல்லிக் கொடுப்பது நான்கு வரி. 'கடைசிப் பிள்ளை பொறந்து இத்தனை மாசம். பால் நிறுத்தி இத்தனை மாசம், இல்ல இன்னும் குடுக்கிறேன். கட்டி இத்தனை வாரமா இருக்கு, மருந்து சாப்பிட்டும் கரையல. எங்க அம்மா வீட்லயோ அப்பா வீட்லயோ யாருக்காவது மார்லயோ சினைப்பையிலயோ கேன்சர் இருந்துச்சு, இல்ல.' இதைச் சொல்லிவிட்டு, 'ஸ்கேன் எழுதிக் குடுங்க டாக்டர்' என்று கேட்டுவிட வேண்டும். எழுதித் தராவிட்டால் ஏன் வேண்டாம் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஸ்கேன் எழுதிவிடுகிறார்கள் என்கிறாள்.